சூராவ் அண்டாவும் முனியாண்டி ஆடும்

போன வாரம் உங்கள் தொழிற்சங்கப் பயிற்சி வகுப்புக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கருத்து வேறுபாடு உள்ளவர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவருவது எப்படி என்று ஒருவர் திரையில் படம் காட்டி விளக்கினார். அம்புக்குறிகள் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தன. நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் முறை வருவதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று. எனக்குத் தெரிந்ததும் ஒரு மதியச் சாப்பாட்டுக் கதைதான். அதை எழுதி அனுப்புகிறேன், ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

மனு எழுதுவது, பேச்சுவார்த்தைக்கு நாள் கேட்பது, சட்டப் பிரிவுகளைக் காட்டுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். அதை விட்டுவிடுகிறேன். என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தராத ஒரு நடுப்பகலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மலாயாவின் சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு அது. சுதந்திரத் தேதியை எங்கள் மலாக்காத் திடலில்தான் அறிவித்திருந்தார்கள். ஊர் முழுக்க அதே பேச்சு. நான் அப்போது பஸ் கண்டக்டர், பஸ் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளரும்கூட. எங்கள் சங்கத்தில் மலாய்க்காரர், சீனர், தமிழர், தமிழ் முஸ்லிம்கள், மலாக்கா செட்டிகள் என்று எல்லாரும் இருந்தோம். பொதுப் பேச்சு பசார் மலாய், சந்தையில் எல்லாரும் பேசும் எளிய மலாய். அவர்கள் மலாயில் பேசியதையும் இங்கே நம் பேச்சுத் தமிழிலேயே தருகிறேன்.

சங்கத்துக்குள் இரண்டு கட்சி. ‘நாடு முதலில் கைக்கு வரட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம்’ என்பவர்கள் ஒரு பக்கம். அவர்களுக்குத் தலைவர் டிரைவர் சாலே. ஐந்து வேளையும் தொழுகிறவர், அதிகம் பேசமாட்டார். ‘பசித்த வயிற்றோடு எந்த நாட்டை வாங்கி என்ன செய்வது’ என்பவர்கள் மறுபக்கம். அவர்களுக்குத் தலைவர் மெக்கானிக் ஆ ஹோக். எந்நேரமும் பேசுவார், நடுநடுவே ஸ்பேனரையும் ஆட்டுவார். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கூட்டம் என்றால் ஆளுக்கொரு மூலை. நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவேன்.

இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்து வேலைநிறுத்தத்துக்கு இழுத்து வந்தவன் சின்னையா. பெரிய பேச்சாளன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆயர் குரோ பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து அதிக நாள் ஆகாத கண்டக்டர். பிரேக் சரியில்லாத பஸ்ஸில் ஜனங்களை ஏற்ற மாட்டேன் என்று டிப்போவில் நின்று சொன்னான். கம்பெனி அவனை வேலையை விட்டு நீக்கியது. அவனுக்குக் கைக்குழந்தை ஒன்று. அவனுக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும், அதுவரை எந்த வண்டியும் ஓடாது என்று எல்லாரும் இறங்கினோம். சாலே அரைமனதாக இறங்கினார். ‘பிரேக் விஷயத்தில் அவன் சொன்னது உண்மை’ என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார், அவ்வளவுதான்.

காஜா பெராங்கில், செட்டிகள் வாழும் கம்பத்தில், அதாவது குடியிருப்பில், எங்கள் டிக்கெட் இன்ஸ்பெக்டர் ஒருவருக்கு வீடு. அந்த வீட்டு முற்றத்தை வேலைநிறுத்தத்தில் இருந்த எல்லாருக்குமான சமையலுக்குக் கொடுத்தார். செட்டிகளை உங்களில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. நம்மைப் போல இந்துக்கள், வாசலில் மாவிலை கட்டுவார்கள், ஆனால் வீட்டில் பேசுவது ஒருவகை மலாய். இன்ஸ்பெக்டரின் மனைவி தேவி அக்காதான் சமையல். அவர் கைப்பக்குவத்துக்காகவே சிலர் வேலைநிறுத்தம் நீளட்டும் என்று பார்த்தார்கள் என்பது என் சந்தேகம்.

எத்தனையோ பேருக்குச் சமைக்க வேண்டும், பெரிய அண்டா இல்லை. பன்றி இறைச்சி பட்ட பாத்திரம் மலாய்க்காரர்களுக்கு ஆகாது. மாட்டிறைச்சி பட்டது எங்களில் பலருக்கு ஆகாது. பக்கத்துக் கம்பத்தில் சூராவ் இருந்தது, மலாய்க்காரர்கள் தொழும் சின்னப் பள்ளி. அங்கே கந்தூரி விருந்துக்கு ஆக்கும் பெரிய அண்டாக்கள் உண்டு. சூராவைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் சாலே போய்க் கேட்டார். ‘மாட்டைப் போடாமல் ஆட்டைத்தான் இதில் ஆக்குகிறோம், தாராளமாகக் கொண்டுபோங்கள்’ என்று அவர் கொடுத்தார். நாங்கள் எந்த இறைச்சியுமே போடவில்லை. கருவாடு, கீரை, மிளகாய் அரைத்த சம்பல், முட்டை, இவ்வளவுதான்.

அதோடு எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பந்திக்கு முன்னால் ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஓர் ஆள் வந்து அண்டாவில் உப்புப் பார்க்க வேண்டும். உப்புக்காக என்று பெயர். உண்மையில் அவன் பார்த்துவிட்டான் என்றால் அவன் ஆட்கள் நம்பிச் சாப்பிடலாம் என்று அர்த்தம். மலாய்க்காரர்கள், தமிழ் முஸ்லிம்கள் இரு தரப்புக்கும் உப்புப் பார்ப்பவர் சாலே. கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவார், தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டல்தான் எங்கள் அடுப்படியின் முத்திரை.

நான் சொல்லப்போகும் நாளன்று காலையில் தொழிலாளர் இலாகாவுக்குப் போயிருந்தேன். கம்பெனி ஒரு சமாதானம் சொல்லியனுப்பியிருந்தது. எல்லாரும் வேலைக்குத் திரும்பலாம், சம்பளத்திலும் கொஞ்சம் ஏற்றம் உண்டு, சின்னையா மட்டும் கிடையாது. சாப்பாடு முடிந்ததும் கையைத் தூக்கி முடிவு செய்வதாகப் பேச்சு. கையிருப்பு தீர்ந்து பலபேர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சாலேயின் பக்கம் சமாதானத்துக்குச் சாய்ந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அவர்கள் சாய்ந்தால் சின்னையா தோட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

சைக்கிளை நிறுத்தும்போதே வாசனை வந்தது. ஆட்டுக்கறி. முற்றம் முழுக்க எல்லார் முகத்திலும் அப்படி ஒரு சிரிப்பு. கருவாடு தின்று அலுத்துப்போனவர்கள் தட்டை வைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தேவி அக்கா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “சின்னையா கொண்டாந்தான், சங்கத்துக்காம். நல்ல இளங்கறி” என்றார்.

டவுனில் ஆட்டிறைச்சி விற்பவர்கள் தமிழ் முஸ்லிம்கள். யார் வாங்கினாலும் அங்கேதான் வாங்க வேண்டும். அதனால் இறைச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியிருக்காது. ஆனால் சின்னையா எதிரே வந்தான். நெற்றியில் திருநீறு, நடுவில் பெரிய குங்குமம், மணிக்கட்டில் புது மஞ்சள் கயிறு. அவனை நிறுத்தினேன்.

“எங்கடா வாங்கினே கறி?”

“வாங்கலண்ணே. நேத்து எங்க அண்ணன் வேலை செய்யுற தோட்டத்துல முனியாண்டிக்கு வெட்டுனோம். பாதிக் கிடா இங்கதான் கொண்டாந்துட்டேன்.”

“சாமிக்கு வெட்டுனதா?”

“ஆமாண்ணே. எனக்காக எல்லாரும் பட்டினி கெடக்குறாங்க. நான் வேற என்னத்தக் குடுப்பேன்?”

“மலாய்க்காரவங்க சாப்பிடக்கூடாதுடா அதை.”

அவன் சிரித்தான். “அவங்க பன்னிதானேண்ணே சாப்பிட மாட்டாங்க. ஆடு சாப்பிடுவாங்கல்ல?” என் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு மெல்ல நின்றது.

முஸ்லிம்கள் தங்கள் முறைப்படி அறுத்ததைத்தான் சாப்பிடுவார்கள். வேறு தெய்வத்துக்குப் பலி கொடுத்ததைத் தொடவே கூடாது. தோட்டத்தில் நம் ஆட்களோடு மட்டுமே வளர்ந்தவனுக்கு இது எப்படித் தெரியும்? அந்த ஆடு இப்போது சூராவின் அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. நான் தேவி அக்காவிடம் ஒன்றுதான் கேட்டேன். “உப்புப் பாத்தாச்சா?”

“சாலே பாத்துட்டாரு. சரியா இருக்குன்னாரு.”

ஆ ஹோக்கைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னேன். அவருக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. ஸ்பேனரைக் கீழே வைத்தார். “ராமு, வாயைத் திறக்காதே. அண்டா கவிழ்ந்துடுச்சுன்னு கவிழ்த்து விடு. ஓட்டு முடியட்டும். இப்ப சொன்னா அவனுங்க எழுந்து போயிடுவானுங்க, சின்னையா வேலை போச்சு, சங்கமும் போச்சு. சாலே ஒரு சொட்டு நக்கினாரு, அது அவருக்குத் தெரியவே வேணாம். தெரிஞ்சா அவருக்குத்தானே கஷ்டம்?”

தம்பி தங்கைகளே, அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் அதைவிடப் புத்திசாலித்தனமான யோசனை இருக்க முடியாது. எனக்கும் அண்டாவைக் கவிழ்க்கக் கை பரபரத்தது. ஆனால் சாலே தலையாட்டினால் அவர் ஆட்கள் சாப்பிடுவார்கள், அந்த நம்பிக்கையில்தான் எங்கள் அடுப்பே எரிந்தது. சற்று நேரத்தில் அதே மனிதரிடம், என்னை நம்பி இன்னும் சில நாள் பட்டினி கிடக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். இதை மறைத்துவிட்டு அதைக் கேட்க எனக்கு நாக்கு எழாது என்று தோன்றியது. கொள்கை என்றெல்லாம் இல்லை. நாக்கு எழாது, அவ்வளவுதான்.

சாலே கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குந்தினேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். “பாங், அந்தக் கறி சாமிக்கு வெட்டினது. சின்னையாவுக்குத் தெரியாது. எனக்கு இப்பத்தான் தெரியும்.” மலாயில் பாங் என்றால் அண்ணன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைச் சொல்லி முடித்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டார். வாயைக் கொப்பளித்தார். மறுபடி மொண்டார், மறுபடி கொப்பளித்தார். முகத்தைக் கழுவினார். பிறகு கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உதடு அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. நான் அங்கேயே குந்தியிருந்தேன்.

“அவனைக் கூப்பிடு.”

சின்னையா வந்தான். சாலே கோபமில்லாத குரலில் கேட்டார். “என்னத்துக்கு வெட்டினே?”

“வேலை திரும்பக் கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டேன், பாங்.”

“உனக்காகவா?”

“எனக்காக மட்டும் இல்லை. ஸ்ட்ரைக்ல இருக்கிற எல்லார் பேரையும் சாமி முன்னால சொன்னேன். மொதல்ல உங்க பேரு. உங்க புள்ளைங்க பேரையும் சொன்னேன். யாருக்கும் ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு.”

சாலே அவனை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எப்படி விவரிப்பேன்? தன் மார்க்கத்துக்கு ஆகாத ஒன்று தன் வாய்க்குள் போயிருக்கிறது. அதைக் கொடுத்தவன், தன் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி யாரோ ஒரு தெய்வத்திடம் கெஞ்சியிருக்கிறான். இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்கிக்கொண்டு ஒரு மனிதர் நின்றார். எனக்கு மெய்சிலிர்த்தது. இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது.

பிறகு முற்றத்துக்கு நடந்து போய், தட்டுகளோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் நடந்ததை அப்படியே சொன்னார். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தான் ருசி பார்த்ததையும் சொன்னார். இளம் டிரைவர் ஒருவன் தட்டை விசிறிவிட்டு எழுந்தான். “நம்மள ஏமாத்திட்டானுங்க. வாங்க போகலாம்.” அவனோடு இன்னும் சிலர் எழுந்தார்கள். ஆ ஹோக் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன் பார் என்று அந்தப் பார்வை சொல்லிற்று.

“உட்காரு” என்றார் சாலே. “யார் வாய்ல போச்சு? என் வாய்ல. கோபப்படணும்னா நான்தான் படணும். நான் படலை. தெரியாம செஞ்சதை இறைவன் குற்றமா எடுத்துக்கமாட்டான்னு நான் படிச்சிருக்கேன். நீ வேற எதுவும் படிச்சிருந்தா சொல்லு.”

அவன் நின்றபடியே இருந்தான், போகவில்லை.

அப்போது சின்னையா அண்டாவை நோக்கிப் போனான். கவிழ்க்கப் போகிறான் என்று தெரிந்தது. சாலே அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். “சாக்கடைல கொட்டவா கொண்டாந்தே? நமக்காக வேண்டிக்கிட்டுக் கொண்டாந்தது. எங்களுக்கு ஆகாது. ஆகுறவங்க சாப்பிடட்டும். எங்களுக்குச் சோறும் சம்பலும் இருக்கு.”

இன்னொன்றும் சொன்னார். அதுதான் என்னை அடியோடு அசைத்தது. “இன்னைக்குத் தனித்தனியா உட்காரக்கூடாது. கலந்து உட்காருங்க.”

அதுவரை யாரும் சொல்லாமலே அவரவர் ஆட்களோடுதான் உட்கார்ந்து வந்தோம். ஒரே சாப்பாடு சாப்பிட்ட நாட்களில் எல்லாம் தனித்தனியாக உட்கார்ந்தோம். சாப்பாடு வேறான அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கலந்து உட்கார்ந்தோம். எனக்கு வலது பக்கம் மலாய் டிரைவர் சம்பலைப் பிசைந்துகொண்டிருந்தார். இடது பக்கம் ஆ ஹோக், தட்டில் கறி. அவருக்கு அடுத்தாற்போல் போய் உட்கார்ந்தது யார் என்றால், சாலே. ஆ ஹோக் ஒரு வாய் கறியை விழுங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னையா சாப்பிடவில்லை. சாலே கை கழுவியதும் அவனைத் தன் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டார். “சூராவ் பெரியவர் இதை வேற யார் வாயாலயும் கேக்கக்கூடாது” என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் அவசரப்பட்டது எவ்வளவு சரி என்பது பிறகுதான் தெரிந்தது. செய்தி எப்படியோ டிப்போவுக்குப் போய், கம்பெனி ஆள் ஒருவன் சூராவுக்கே ஓடியிருக்கிறான், உங்கள் அண்டாவில் சிலைக்கு வெட்டிய ஆட்டை ஆக்கிவிட்டார்கள் என்று மூட்டிவிட. பெரியவர் அவனை உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். “தெரியும். கொண்டாந்தவனே வந்து சொல்லிட்டான்” என்று கதவடியில் வைத்தே திருப்பி அனுப்பிவிட்டார்.

சாலேயும் சின்னையாவும் திரும்பியதும், பின்னாலேயே பெரியவர் நடந்தே எங்கள் முற்றத்துக்கு வந்தார். எல்லாரும் எழுந்து நின்றோம். அவர் அண்டாவைக் குனிந்து பார்த்தார். “தண்ணி விட்டுச் சுத்தமாக் கழுவினாப் போதும். கொழுப்பு, வாசம் ஒண்ணும் இருக்கக்கூடாது” என்றார். சின்னையா தேங்காய்மட்டையும் சாம்பலும் எடுத்துக்கொண்டு அண்டாவுக்குள்ளேயே பாதி இறங்கித் தேய்க்க ஆரம்பித்தான். அழுதுகொண்டே தேய்த்தான். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றில் தண்ணீர் இறைத்து, அவன் தேய்க்கத் தேய்க்க ஊற்றினார். வேறு யார் வாளியைக் கேட்டும் கொடுக்கவில்லை. குங்குமம் வழிந்த முகத்தோடு ஒருவன் தேய்க்கிறான், தொப்பி போட்ட ஒருவர் ஊற்றுகிறார். அந்த முற்றத்தில் நின்ற நாங்கள் கோயிலில் நிற்பதுபோல் நின்றோம். சீனர்கள்கூட சிகரெட்டை அணைத்துவிட்டார்கள்.

அண்டாவை வெயிலில் கவிழ்த்து வைத்த பிறகு ஓட்டெடுப்பு. கம்பெனியின் சமாதானத்தைப் படித்தேன். சின்னையாவை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்ப விரும்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். என் கண் சாலேயிடம்தான் இருந்தது. அவர் கை மடியிலேயே கிடந்தது. யாரும் தூக்கவில்லை. சின்னையாவும் வந்தால்தான் திரும்புவோம் என்கிறவர்கள் தூக்குங்கள் என்றேன். முதலில் எழுந்தது சாலேயின் கை. பிறகு எல்லாக் கையும். தட்டை விசிறிய இளம் டிரைவர் கடைசியாகத் தூக்கினான். அவன் முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது. ஆனாலும் தூக்கினான். அவனை நான் சாலேக்கு ஒரு படி குறைவாக மதிப்பதில்லை.

ஆ ஹோக் என் பக்கத்தில் வந்து நின்றார். “நீ சொன்னது சரி, ராமு. நான் சொன்னதும் தப்பு இல்லை. ஆனா நீ சொன்னது சரி.” அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு யாரும் வாங்கியதில்லை.

கம்பெனி மேலும் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டிருந்தது. நாங்கள் உடையவில்லை என்று தெரிந்ததும் இறங்கி வந்தது. சின்னையா வேலைக்குத் திரும்பினான், பிரேக்குகளையும் மாற்றினார்கள். இரண்டு கட்சியும் அதற்காக ஒன்றாகிவிட்டன என்று எண்ணாதீர்கள். அடுத்த கூட்டத்திலேயே சாலேயும் ஆ ஹோக்கும் பழையபடி மோதிக்கொண்டார்கள். ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மோதிக்கொண்டார்கள். எனக்கு நடுவில் நிற்க வேண்டிய வேலை இல்லாமல் போனது.

சுதந்திரம் வந்தபோது அதே முற்றத்தில் சங்கத்துக்கு விருந்து வைத்தோம். அதே அண்டா. காலையிலேயே சின்னையா ஒரு கிடாவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். உயிரோடு. நேராகச் சூராவ் பெரியவரிடம் போய், நீங்கள் அறுத்துக் கொடுக்க வேண்டும் என்றான். பெரியவர் கயிற்றை வாங்கவில்லை. “இது உன் சாமிக்கு நேர்ந்ததா?” என்று கேட்டார்.

“இல்லைங்க. வேலை கிடைச்சா இன்னொரு கிடா தர்றதா சாமிகிட்டச் சொல்லியிருந்தேன். போய்ப் பேசினேன். உனக்குப் பூசணிக்கா வெட்டுறேன், கிடாவைக் கேக்காதே, எங்க ஆளுங்க எல்லாரும் சேர்ந்து சாப்பிடணும்னு சொன்னேன்.”

“உன் சாமி என்ன சொன்னது?”

“ஒண்ணும் சொல்லலிங்க. பூசணிக்காயை வாங்கிக்கிச்சு. இது நமக்கு.”

பெரியவர் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டார்.

மதியம் அண்டா கொதித்தது. தேவி அக்கா எங்கள் வழக்கப்படி உப்புப் பார்க்க ஆளைக் கூப்பிட்டார். சாலே எழுந்து வந்தார். கரண்டியை நீட்டியது சின்னையா. சாலே உள்ளங்கையை நீட்டினார், ஒரு சொட்டு விழுந்தது, நக்கினார்.

“உப்பு கொஞ்சம் கம்மி” என்றார்.

சின்னையா ஒரு கை உப்பை அள்ளிக்கொண்டு ஓடினான்.